ஃபோர்டு மறைமலைநகர் ஆலை மூடல்

ஃபோர்டு மறைமலைநகர் ஆலை மூடல் என்பது, அமெரிக்கக் கார் நிறுவனமான ஃபோர்டு, சென்னையை அடுத்த மறைமலைநகரில் நடத்திவந்த தொழிற்சாலையில் கார் உற்பத்தியை 2022ஆம் ஆண்டில் நிறுத்திக்கொண்ட நிகழ்வைக் குறிக்கும். இதனால் சுமார் 2,600 நிரந்தரத் தொழிலாளர்கள் வேலை இழந்தனர். ஒரு தொழிற்சாலை மூடப்படும்போது தொழிற்சங்கத்தால் எதைப் பெற முடியும், எதைப் பெற முடியாது என்பதற்குத் தமிழ்நாட்டின் அண்மைக்கால எடுத்துக்காட்டு இதுவாகும்.

பின்னணி

ஃபோர்டு 1995இல் மகிந்திரா நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது. எஸ்கார்ட் அதன் முதல் கார். 1999இல் ஐகான், 2010இல் ஃபிகோ, 2013இல் ஈகோஸ்போர்ட் ஆகியவை வெளிவந்தன. 2015இல் குஜராத்தின் சனந்தில் இரண்டாவது ஆலை திறக்கப்பட்டது. இரண்டு ஆலைகளிலும் சேர்த்து ஆண்டுக்கு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைச் செய்ய முடியும். ஆனால் இந்தியச் சந்தையில் ஃபோர்டின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மகிந்திராவுடன் மீண்டும் கூட்டுச் சேர 2019இல் செய்த ஒப்பந்தமும் 2020ஆம் ஆண்டின் இறுதியில் கைவிடப்பட்டது.

மூடல் அறிவிப்பு

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம், தேவைக்கு மிஞ்சிய உற்பத்தித் திறன், எதிர்பார்த்தபடி வளராத சந்தை ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. தொழிலாளர் கூலியோ வேலைநிறுத்தமோ காரணமாகக் கூறப்படவில்லை. எந்தக் காரைச் செய்வது, எங்கே புதிய ஆலை கட்டுவது, யாருடன் கூட்டுச் சேர்வது என்ற முடிவுகள் எதிலும் தொழிலாளர்களுக்குப் பங்கு இருந்ததில்லை. அம்முடிவுகளின் விளைவை மட்டும் அவர்கள் சுமக்க வேண்டியதாயிற்று.

இழப்பீட்டுப் போராட்டம்

தொழிலாளர்களின் முதல் கோரிக்கை வேலைப் பாதுகாப்பு. ஆலையை வேறொரு நிறுவனம் வாங்கினால் தங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஊழியர் சங்கம் கேட்டது. அப்படி யாரும் வரவில்லை. பின்னர் பேச்சு இழப்பீட்டுக்குத் திரும்பியது. பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் 115 நாள் ஊதியம் தருவதாக நிறுவனம் கூறியதைச் சங்கம் ஏற்கவில்லை. 2022 மே இறுதியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி ஆலைக்குள்ளேயே உள்ளிருப்புப் போராட்டத்தில் இறங்கினர். பல சுற்றுப் பேச்சுகளுக்குப் பின், அவ்வாண்டு செப்டம்பரில், ஆண்டுக்குச் சராசரியாக 130 நாள் ஊதியம் என்று முடிவாயிற்று.

1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டப்படி, மூடப்படும் ஆலையின் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியமே கட்டாய இழப்பீடாக இருந்தது. இந்த 15க்கும் 130க்கும் இடையேயுள்ள தூரத்தைச் சட்டம் கடக்கவில்லை, பேச்சுவார்த்தையே கடந்தது. ஆயினும் சங்கம் பெற்றது பணமே, வேலை அன்று. சனந்தில் நிலைமை வேறு. அந்த ஆலையை டாட்டா குழுமம் ரூ.725.7 கோடிக்கு வாங்கி, 2023 சனவரியில் தகுதியுள்ள ஊழியர்களையும் பணியில் அமர்த்திக்கொண்டது.

உதிரிப்பாக ஆலைகளிலும் ஒப்பந்த அடிப்படையிலும் வேலை செய்தவர்கள் இந்த உடன்பாட்டுக்குள் வரவில்லை. ஃபோர்டின் ஊதியப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாததே காரணம்.

அமெரிக்காவில்

ஃபோர்டு தன் சொந்த நாட்டில் 1941இல்தான் வாகனத் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகியவை திவாலானபோது, சங்கம் பெற்றுத்தந்த உயர்ந்த கூலியே காரணம் என்று பலர் குற்றம் சாட்டினர். பெட்ரோல் விலை ஏறியபோதும் பெரிய வண்டிகளையே நம்பியிருந்த நிருவாகமே காரணம் என்று சங்கத்தார் மறுத்தனர். நெருக்கடியில் தொழிலாளர்கள் பல சலுகைகளை விட்டுக்கொடுத்தனர். நிறுவனங்கள் மீண்டும் இலாபம் ஈட்டியபின், 2023 செப்டம்பரில் ஃபோர்டு உள்ளிட்ட மூன்று நிறுவனங்களிலும் வேலைநிறுத்தம் நடந்தது. சுமார் ஆறு வாரங்களில் 25 விழுக்காடு ஊதிய உயர்வுக்கு உடன்பாடு ஏற்பட்டது.

சட்டத்தில் மாற்றம்

பழைய சட்டத்தில் 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இந்த வரம்பை 300 ஆக உயர்த்தியது. மறைமலைநகர் போன்ற பெரிய ஆலைக்கு இது வேறுபாடு தராது. ஆனால் அதற்கு உதிரிப்பாகம் செய்துதரும் நடுத்தர ஆலைகள் பல இனி அனுமதியின்றியே மூடப்படலாம். மறுபுறம், 51 விழுக்காடு தொழிலாளர்களின் ஆதரவு பெற்ற சங்கத்துடன் நிருவாகம் பேச வேண்டும் என்ற விதியும் இதே தொகுப்பில் உள்ளது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும் இந்நிகழ்வும்

மறைமலைநகர் வழியாகச் செல்லும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே பெரம்பலூரும் உள்ளது. அம்மாவட்டத்தின் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எப். டயர் ஆலை இயங்குகிறது. கார் விற்பனை குறைந்தால் டயருக்கான தேவையும் குறையும். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளே பெருந்தொழில். டயரானாலும் சிமெண்டானாலும், ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து ஆலை வேலைக்குச் செல்லும் இளைஞர் தெரிந்துகொள்ள வேண்டியவை ஒன்றே: தம் பெயர் நிரந்தரப் பட்டியலில் உள்ளதா, ஒப்பந்தப் பட்டியலில் உள்ளதா, அங்கே சங்கம் உண்டா என்பவை. ஆலை ஓடும்போது சிறிதாகத் தெரியும் இவ்வேறுபாடுகளே, மூடப்படும் நாளில் ஒருவர் கையில் என்ன மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இன்றைய நிலை

2025 அக்டோபரில் ஃபோர்டு, மறைமலைநகர் ஆலையில் ரூ.3,250 கோடி முதலீட்டில் எஞ்சின் தயாரிக்கத் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. உற்பத்தி 2029இல் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது.