இசட் டிரைவா, ஷார்ட்கட்டா?

அலுவலக சர்வரில் உள்ள பொது ஃபோல்டரைத் திறக்க விண்டோஸ் கணினிகளில் இரண்டு வழிகள் புழங்குகின்றன. ஃபோல்டருக்கு 'இசட்' என்பது போல ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிடலாம்; டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட்டும் வைக்கலாம். ஷார்ட்கட்டே மேல் என்பது என் கட்சி. டிரைவ் எழுத்து, அந்தக் கணினியில் அந்தப் பயனருக்கு மட்டும் செல்லும். அடுத்த மேசையில் இசட் வேறொரு ஃபோல்டராக இருக்கலாம். "மார்ச் கணக்கு இசட்டில் இருக்கிறது" என்று மின்னஞ்சல் வந்தால் அந்த மேசைக்காரர் எங்கே தேடுவார்? ஒரே கணினியில்கூட, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடும் நிரலுக்குச் சாதாரணமாக இணைத்த இசட் பொதுவாகத் தெரிவதில்லை. ஷார்ட்கட்டில் முழு முகவரியும் இருக்கிறது: இரண்டு பின்சாய்வுக் கோடுகள், சர்வரின் பெயர், இன்னொரு கோடு, ஃபோல்டரின் பெயர். டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'புதியது', 'ஷார்ட்கட்' என்று போய் அந்த முகவரியைத் தட்டினால் வேலை முடிந்தது. உருவாகும் கோப்பு மிகச் சிறியது. அதை அழித்தால் சர்வரில் எதுவும் அழியாது. (அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, ஆவணங்களையே எடுத்துவந்ததாக நம்புகிறவர்களும் உண்டு.)

சில பழைய மென்பொருள்கள் டிரைவ் எழுத்து இல்லாமல் இயங்காது என்பார்கள். உண்மைதான். விண்டோஸின் கட்டளைச் சாளரமே நெட்வொர்க் முகவரிக்குள் நேரே போய் உட்காராது; 'புஷ்-டி' கட்டளை கொடுத்தால் தற்காலிகமாக ஓர் எழுத்தை ஒட்டிக்கொண்டுதான் நுழையும். அது நிரலின் சிக்கல். கோப்பைத் திறந்து படிக்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சர்வரை மாற்றினால் எல்லா ஷார்ட்கட்டும் ஒரே நாளில் செத்துவிடும், எழுத்தையோ லாகின் ஸ்கிரிப்டில் ஒரே இடத்தில் திருத்திவிடலாம். இதற்கு மாற்று, இயந்திரத்தின் சொந்தப் பெயரைத் தவிர்த்து, டிஎன்எஸ்ஸில் ஒரு மாற்றுப் பெயர் வைத்து அதையே ஷார்ட்கட்டில் எழுதுவது. புது சர்வர் வந்தால் அந்தப் பெயரை அதன் பக்கம் திருப்பி, புது சர்வர் அந்தப் பெயரை ஏற்கும்படி அமைத்துவிட்டால் போதும். ஐபி எண்ணை எழுதிவைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

எழுத்து இல்லாவிட்டால் ரான்சம்வேர் ஃபோல்டரைக் காணாது என்று ஷார்ட்கட்டை ஆதரிப்பவர்களோடு மட்டும் நான் சேரமாட்டேன். 2016-இல் பரவிய லாக்கி, எழுத்து கொடுக்கப்படாத பகிர்வுகளையும் தேடிப்போய்ப் பூட்டியது. அங்கே உதவுவது சர்வரில் எழுதும் உரிமையைக் குறைத்துக் கொடுப்பதும், நெட்வொர்க்கில் இருந்து துண்டித்து வைத்த காப்பு நகலும்தான்.