ஆணையரின் நாற்காலி: திருவண்ணாமலையிலிருந்து சில குறிப்புகள்

“ஒரே ஒரு நல்ல ஆபீசரைப் பத்து வருஷம் மாத்தாம விட்டாப் போதும், ஊரு தானா சரியாயிடும்.” தேரடி வீதி டீக்கடைப் பேச்சு இது. பௌர்ணமிக்கு மறுநாள், குப்பைமேட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் சொல்வது. நடுத்தர வர்க்கத்தின் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. களத்தில் நிற்கும் நம் தோழர்கள் சிலரும் இதையேதான் கொஞ்சம் கனமான சொற்களில் சொல்கிறார்கள்.

இந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஸ்டாண்டன் என்ற சிற்றூர் 1908இல் சம்பளத்துக்கு ஒரு நகர மேலாளரை அமர்த்தியது. 1913 வெள்ளத்தில் மூழ்கிய டேட்டன் நகரம் அடுத்த ஆண்டே அதே வழிக்கு வந்தது. கம்பெனிக்கு இயக்குநர் குழு இருப்பதுபோல ஊருக்கு மன்றம், பொது மேலாளர் இருப்பதுபோல நகர மேலாளர். அரசியலை வெளியே நிறுத்திவிட்டு நிர்வாகத்தை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்பது நம்பிக்கை. குடிமகன் பங்குதாரர் ஆகிவிட்டான் என்பதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கான்சாஸ் சிட்டியின் கதை இங்கே நமக்குத் தேவை. 1926 முதல் 1939 வரை அங்கே மேலாளராக இருந்தவர் ஹென்றி மெக்எல்ராய். பதின்மூன்று வருஷம்! பெயருக்குத்தான் கட்சி சாராத நிர்வாகி. அவரை ஆட்டிவைத்தது டாம் பெண்டர்காஸ்ட் என்ற கட்சி முதலாளி. நகரத்துக்குக் கான்கிரீட் விற்றது பெண்டர்காஸ்ட்டின் கம்பெனி. வரவு செலவைத் தனக்கே தெரிந்த கணக்கில் எழுதிப் பற்றாக்குறையை மறைத்தார் மெக்எல்ராய். அந்த யந்திரம் உடைந்த பிறகு, 1940இல் அதே நாற்காலிக்கு வந்தவர் குக்கிங்ஹாம். 1959 வரை இருந்தார். கணக்கை நேராக்கினார், நகர எல்லையைத் திட்டமிட்டு விரித்தார், நகர நிர்வாகத்துக்கு இளைஞர்களைப் பழக்கினார். நாற்காலி ஒன்று, சட்டம் ஒன்று, நீண்ட காலம் என்பதும் இருவருக்கும் பொது. அப்படியானால் வேறுபாட்டைக் காலத்தில் தேடிப் பயனில்லை. கணக்கைக் கேட்க வெளியே யார் இருந்தார்கள் என்பதில்தான் அது இருக்கிறது.

சரி, நம்மூருக்கு வருவோம். திருவண்ணாமலை 1886இல் நகராட்சியானது; 1989இல் மாவட்டத் தலைநகர்; 2024இல் மாநகராட்சி. ஆணையர்கள் வந்தார்கள், போனார்கள். பெயர்ப்பலகையில் பெயிண்ட் காய்வதற்குள் மாறுதல் ஆணை வந்துவிடும் என்பது ஆபீஸ் ஜோக். மன்றமாவது நிலைத்ததா? சென்னை மாநகராட்சி 1973 முதல் 1996 வரை தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்களால் ஆளப்பட்டது. 2016இல் பதவிக்காலம் முடிந்த தமிழக நகர்ப்புற மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. அரசியல் இல்லாத நிர்வாகம் என்ற கனவு இங்கே வருஷக்கணக்கில் நனவாகவே இருந்திருக்கிறது. அதனால் ஊர் திருந்தியதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. ஆணையரை இருபது வருஷம் உட்கார வைத்தாலும் அவர் கையில் என்ன இருக்கும்? 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, உள்ளாட்சிக்குத் தரத்தக்கவை என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. முதலில் இருப்பது நகரத் திட்டமிடல். மனைப்பிரிவுக்கு அனுமதி என்றால் நகர் ஊரமைப்புத் துறை, பெரிய குடிநீர்த் திட்டம் என்றால் குடிநீர் வடிகால் வாரியம். கோயிலுக்கு அறநிலையத் துறையின் இணை ஆணையர். மலைக்கு வனத் துறை. தீபத் திருவிழாவுக்குக் கலெக்டரும் போலீசும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையோ நெடுங்காலம் நகராட்சிக்குள் பாதி, அடிஅண்ணாமலை போன்ற ஊராட்சிகளில் மீதி என்று கிடந்தது. ஆணையருக்கு மிஞ்சியது வரி, தெருவிளக்கு, குப்பை. குப்பையையும் அவர் அள்ளப்போவதில்லை. பௌர்ணமி இரவு லட்சக்கணக்கானோர் புண்ணியம் தேடிப் போன பாதையை விடிவதற்குள் கூட்டி முடிப்பவர்கள் யார், எந்தத் தெருக்காரர்கள் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

ஆகவே இந்த ஊரின் நெடுநாள் மேலாளர் யாரென்று கேட்டால், பஞ்சாங்கம் என்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லாட்ஜ் வாடகை, சிறப்புப் பேருந்து, மனை விலை, ஆட்டோ ரேட் எல்லாம் பௌர்ணமியைப் பார்த்துத்தான் நகர்கின்றன. 2011 கணக்கெடுப்பில் சுமார் 1,45,000 பேர் வாழ்ந்த ஊர் இது. ஆனால் ஊரின் அளவு தீர்மானமாவது வந்துபோகிறவர்களை வைத்து. வளர்ச்சி என்ற சொல்லுக்கு இங்கே பாதசாரியின் வசதி என்று பொருள். குடியிருப்பவன் அதில் ஒரு இடைஞ்சல்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகரில் மலை சரிந்து வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் மண்ணுக்கடியில் இறந்துபோனார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அடிவாரத்தில் வீடு கட்டியது ஆக்கிரமிப்பு என்ற பேச்சு உடனே கிளம்பிவிட்டது. நம்மூர்களில் பட்டா இல்லாத வீட்டுக்கும் வரி ரசீது உண்டு, கரண்ட் உண்டு, ஓட்டு உண்டு. எந்த அலுவலகமும் தனித்துப் பொறுப்பேற்காமல் ஆளுக்கொரு சீட்டாகக் கொடுத்து உருவானவைதான் இந்தத் தெருக்கள். பத்து வருஷ ஆபீசர் இருந்திருந்தால் தடுத்திருப்பாரா? தடுத்திருக்கலாம், அல்லது இடித்திருக்கலாம். இடிக்கப்பட்டவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்பதைக் கேட்க ஒரு வார்டு கூட்டமாவது இருந்திருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 13இல் மகாதீபம். புவியியல் வல்லுநர்கள் மலையேறி மண்ணின் உறுதியைச் சோதித்தார்கள். ஆபத்து என்றார்கள். பக்தர்கள் யாரும் மலையேற அனுமதிக்கப்படவில்லை. சரியான முடிவுதான். ஒரு நாள் ஏறி இறங்குகிறவருக்காக மண்ணைச் சோதிக்க முடிந்திருக்கிறது. வருஷம் முழுக்க அதன் கீழே படுத்துறங்குகிறவருக்காக அதற்கு முன் யார் மனு போட்டிருக்க வேண்டும், எந்த நாற்காலியிடம்?