அழைக்காமலே திறக்கும் செயலிகள்

மாணவர்களே, மடிக்கணினியை முடுக்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள். இன்னும் எதையும் தொடவில்லை. அதற்குள் உரையாடல் செயலி ஒன்று தானே திறந்துகொள்கிறது. விளையாட்டுச் செயலி ஒன்று புதுப்பிக்கட்டுமா என்று கேட்கிறது. திரையின் வலது கீழ் மூலையில் நான்கைந்து சின்னங்கள் வந்து நிற்கின்றன. இவற்றை அழைத்தது யார்?

கணினிக்குச் சொந்த விருப்பம் எதுவும் கிடையாது. “இதைத் திற” என்ற கட்டளை எங்கேயோ எழுதப்பட்டிருப்பதால்தான் அது திறக்கிறது. அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது? அதில் ஒன்றைச் சேர்ப்பது எப்படி? வேண்டாததை நிறுத்துவது எப்படி? இவ்வாரம் பார்ப்போம்.

கணினி விழிக்கும் வரிசை

மின்சாரம் கிடைத்ததும் முதலில் இயங்குவது தாய்ப்பலகையின் சில்லில் பதிந்திருக்கும் ஒரு சிறிய நிரல். நினைவகம், சேமிப்பகம் போன்ற உறுப்புகள் சரியாக உள்ளனவா என்று அது சோதிக்கும். பிறகு விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றும் வேலையைத் தொடங்கி வைக்கும். இயங்குதளம் வந்ததும் ஒலி, இணையம், அச்சுப்பொறி ஆகியவற்றுக்கான பின்னணிச் சேவைகள் இயங்கும். நீங்கள் கடவுச்சொல் கொடுத்து நுழைந்த பிறகே தொடக்கச் செயலிகளின் முறை வருகிறது.

இது புதிய ஏற்பாடு அன்று. 1980-களின் எம்.எஸ்.டாஸ் கணினிகளில் ‘ஆட்டோஎக்ஸெக்’ என்ற சிறிய கோப்பு இருந்தது. அதில் வரிக்கு ஒரு கட்டளை எழுதி வைத்தால், கணினி தொடங்கியதும் அவை மேலிருந்து கீழாக நிறைவேறும்.

இன்றைய விண்டோசில் இந்தப் பட்டியல் பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. அவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று ‘ஸ்டார்ட்அப்’ என்ற கோப்புறை. மற்றொன்று ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் அமைப்புப் பதிவேட்டில் உள்ள ‘ரன்’ என்ற பகுதி. செயலியை நிறுவும்போது நாம் வாசிக்காமல் “சரி, சரி” என்று தட்டிக்கொண்டே போகிறோம் அல்லவா? அந்த நேரத்தில் பல செயலிகள் தம் பெயரை இந்தப் பதிவேட்டில் எழுதிக்கொள்கின்றன.

நாமே ஒன்றைச் சேர்க்கலாம்

தேர்வுக்கான திருப்புதல் அட்டவணை, கணினியைத் திறந்தவுடன் கண்முன் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். சிறிய பெட்டி ஒன்று தோன்றும். அதில் ‘ஷெல்’, முக்காற்புள்ளி, ‘ஸ்டார்ட்அப்’ ஆகியவற்றை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்து ‘என்டர்’ விசையை அழுத்துங்கள். ஒரு கோப்புறை திறக்கும். உங்கள் அட்டவணைக் கோப்பின் குறுக்குவழிச் சின்னத்தை அதில் நகலெடுத்து ஒட்டினால் போதும். அடுத்த முறை கணினி தொடங்கும்போது அட்டவணையும் திறக்கும். வேண்டாமென்றால் அந்தச் சின்னத்தை மட்டும் அழித்துவிடுங்கள். உண்மையான கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

ஒன்றைக் கவனியுங்கள். மடிக்கணினியை மூடித் திறந்தால் அது பெரும்பாலும் தூக்கத்திலிருந்துதான் எழுகிறது. அப்போது இந்தப் பட்டியல் இயங்காது.

பட்டியல் நீண்டால் என்ன ஆகும்?

ஓய்வு நேர மணி அடித்ததும் எல்லா வகுப்பு மாணவர்களும் ஒரே நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடினால் என்ன நடக்கும்? நாசி லெமாக் வாங்கவே பாதி ஓய்வு நேரம் போய்விடும். கணினியிலும் அப்படித்தான். எல்லாச் செயலிகளும் ஒரே நேரத்தில் செயலகத்தையும் சேமிப்பகத்தையும் கேட்கின்றன. பழைய வன்தட்டு உள்ள கணினியில் இந்த நெரிசல் இன்னும் அதிகம். அங்கே சுழலும் தட்டின் மேல் ஒரு முனை இடம்விட்டு இடம் நகர்ந்துதான் ஒவ்வொரு கோப்பையும் படிக்க வேண்டும். திறந்த பிறகும் இச்செயலிகள் சும்மா இருப்பதில்லை. நினைவகத்தில் இடம் பிடிக்கும், மின்கலத்தையும் கரைக்கும்.

வேண்டாததை நிறுத்த, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு செயலியும் தொடக்கத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று அங்கே குறிக்கப்பட்டிருக்கும். செயலகத்தின் நேரத்தில் 1 வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, 3 மெகாபைட்டுக்கு மேல் படித்து எழுதினாலோ அது ‘ஹை’, அதாவது அதிகப் பாதிப்பு. வேண்டாத செயலியைத் தேர்ந்தெடுத்து ‘டிசேபிள்’ என்பதைச் சொடுக்குங்கள். செயலி அழிந்துவிடாது, நீங்கள் அழைத்தால் வரும். மேக் கணினியில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ சென்று, ‘ஜெனரல்’ பிரிவில் ‘லாகின் ஐட்டம்ஸ்’ என்று தேடுங்கள்.

வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை மட்டும் நிறுத்தாதீர்கள். பள்ளிக் கணினியாக இருந்தால் ஆசிரியரின் அனுமதி இல்லாமல் எதையும் மாற்றாதீர்கள்.

திருடனுக்கும் இதே கதவு

இந்தப் பட்டியலை நாம் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், நம் வட்டாரத்து நாடான பிலிப்பீன்ஸிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற தீநிரல் மின்னஞ்சல் வழியாகப் பரவியது. காதல் கடிதம் என்று நினைத்து இணைப்பைத் திறந்தவர்களின் படக்கோப்புகள் அழிந்தன; அவர்களின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் அதே கடிதம் பறந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

கணினியை அணைத்துப் போட்டால் அது போய்விட்டதா? இல்லை. நாம் மேலே பார்த்த அதே ‘ரன்’ பகுதியில் ‘எம்.எஸ்.கெர்னல்32’ என்ற பெயரை அது எழுதி வைத்திருந்தது. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் தீநிரலும் உடன் எழுந்தது. அந்தப் பெயரைப் பார்த்தால் விண்டோசின் சொந்த உறுப்பு போலவே தோன்றும். எனவே பெயரை மட்டும் பார்த்து நம்பக்கூடாது. தெரியாத பெயர் பட்டியலில் இருந்தால், அதை வெளியிட்ட நிறுவனம் எது, கோப்பு எந்தக் கோப்புறையில் உள்ளது என்று பாருங்கள். ஐயம் தீரவில்லையென்றால் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைக் கொண்டு சோதியுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

கணினியை முழுமையாக அணையுங்கள். மீண்டும் முடுக்கியது முதல் உலாவி திறந்து ஒரு பக்கம் தோன்றும் வரை எத்தனை வினாடி ஆகிறது என்று கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து எழுதுங்கள். மூன்று முறை அளந்து சராசரி காணுங்கள். பிறகு தேவையற்ற மூன்று தொடக்கச் செயலிகளை நிறுத்திவிட்டு மறுபடியும் மூன்று முறை அளந்து பாருங்கள். இங்கே தொடக்கச் செயலிகளின் எண்ணிக்கை தற்சார்பு மாறி; ஆகும் நேரம் சார்பு மாறி. அதே கணினி, அதே உலாவி, அதே பக்கம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

எத்தனை வினாடி மிச்சமானது என்று நண்பர்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அவரவர் பட்டியலில் யாருக்கும் தெரியாத பெயர் ஏதும் இருக்கிறதா என்பதையும் மறக்காமல் பாருங்கள்.