இரண்டாம் இடம் வந்தும் வெளியேறிய கதை

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நமது மும்பை சிட்டி கால்பந்துக் கழகம் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் ஆறு ஆட்டங்கள் ஆடியது. இரண்டில் வெற்றி, ஒன்றில் சமன், மூன்றில் தோல்வி. நான்கு அணிகள் கொண்ட குழுவில் இரண்டாம் இடம். ஆசிய சாம்பியன்ஸ் லீக் போட்டியில் அதுவரை எந்த இந்தியக் கழகமும் எட்டாத இடம் இது. ஆனாலும் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை; மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியது. இரண்டாவதாக வந்தவர்கள் ஏன் திரும்ப வேண்டும் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல, குழுச் சுற்றின் கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊர்த் திருவிழாக் கபடிப் போட்டியில் தோற்ற அணி அன்றைக்கே நடையைக் கட்டும். கால்பந்தில் இதை நாக்-அவுட் என்கிறார்கள். இதில் விறுவிறுப்பு உண்டு, நியாயம் குறைவு. ஒரு நாள் கால் சறுக்கினால் ஓராண்டு உழைப்பு போயிற்று. குழுச் சுற்று அப்படியல்ல. நான்கு அணிகளை ஒரு குழுவாக்கி, ஒவ்வொன்றும் மற்ற மூன்றுடனும் இரண்டு முறை மோத வேண்டும் என்று வைக்கிறார்கள். ஓர் அணிக்கு ஆறு ஆட்டம், குழுவுக்குப் பன்னிரண்டு. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1, தோல்விக்குச் சுழியம். முதல் ஆட்டத்தில் தோற்றாலும் மீள வழி உண்டு.

ஒரு முறை சொந்த ஊரில், மறு முறை எதிரியின் ஊரில் ஆடுவதுதான் வழக்கம். 2022இல் கொரோனாக் கட்டுப்பாடுகளால் ஒவ்வொரு குழுவின் ஆட்டங்களையும் ஒரே இடத்தில் வைத்து முடித்தார்கள். மும்பையின் குழுவுக்கு அமைந்த ஊர் ரியாத். அதே குழுவில் இருந்த அல் ஷபாப் கழகமோ ரியாத்தைச் சேர்ந்தது! ஆறு ஆட்டங்களும் அவர்களுக்குச் சொந்த ஊர் ஆட்டங்கள். மற்ற இரண்டு அணிகள் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஜசீரா, ஈராக்கின் விமானப்படைக் கழகம். இந்த ஈராக் கழகம் நமக்குப் புதிதல்ல. 2016இல் ஏஎஃப்சி கோப்பை இறுதி ஆட்டத்தில் பெங்களூரு அணியை 1-0 என வீழ்த்தியது இவர்கள்தான்.

மும்பை முதல் ஆட்டத்தில் அல் ஷபாபிடம் 0-3 எனத் தோற்றது. அடுத்து ஈராக் அணி. முதல் கோலை அவர்களே அடித்தார்கள். பிறகு பிரேசில் வீரர் டியேகோ மவுரிசியோ பெனால்டியில் ஒன்று போட்டார். சில நிமிடங்களில் மும்பையிலேயே பிறந்த ராகுல் பேக்கே தலையால் முட்டி இரண்டாவதை வலைக்குள் அனுப்பினார். 2-1. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஓர் இந்தியக் கழகம் பெற்ற முதல் வெற்றி இதுவே. முந்தைய ஆண்டு கோவா அணி தன் சொந்த ஊரான ஃபத்தோர்டாவில் ஆடி மூன்று சமன்களைப் பெற்றது. வெற்றி மட்டும் கைகூடவில்லை.

பின்னர் அல் ஜசீராவிடம் 0-1 தோல்வி, அவர்களுடனே 0-0 சமன், அல் ஷபாபிடம் 0-6 என்று பலத்த அடி. கடைசியில் ஈராக் அணியை மீண்டும் 1-0 என வென்றது மும்பை. கூட்டிப் பாருங்கள்: 7 புள்ளி. அடித்த கோல் 3, வாங்கியது 11. கோல் வித்தியாசம் கழித்தல் எட்டு.

இங்கேதான் விதி குறுக்கிடுகிறது. அவ்வாண்டு மேற்கு ஆசியப் பகுதியில் ஐந்து குழுக்கள். அடுத்த சுற்றிலோ அந்தப் பகுதிக்கு எட்டு இடம். ஐந்து குழுக்களின் முதல்வர்களும் நேரே போனார்கள். மிச்சம் மூன்று இடம். அதற்கு இரண்டாமிடக்காரர்கள் ஐந்து பேர். ஒரே குழுவுக்குள் இரண்டு அணிகள் சம புள்ளியில் நின்றால், அவ்விரண்டும் மோதிய ஆட்டங்களில் யார் கை ஓங்கியது என்று முதலில் பார்ப்பார்கள். வெவ்வேறு குழுக்களின் அணிகளோ ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. ஆகவே மொத்தப் புள்ளியைப் பார்க்கிறார்கள். அதுவும் சமமானால் கோல் வித்தியாசம். ஏழு புள்ளி அந்த வரிசையில் முதல் மூன்றுக்குள் வரப் போதவில்லை. கழித்தல் எட்டை வைத்துக்கொண்டு சமநிலையிலும் பிழைத்திருக்க முடியாது. தோல்வி உறுதியான பின்னும் நான்காவது, ஐந்தாவது கோலை வாங்காமல் தடுப்பதற்கு ஆட்டக்காரர்கள் ஏன் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள் என்பதற்கு இதுதான் விடை.

சில போட்டிகளில் விதி இன்னும் கடுமை. 2019இல் நம் சென்னையின் எஃப்சி, ஏஎஃப்சி கோப்பையின் குழுச் சுற்றில் ஆடியது. சொந்த ஊர் ஆட்டங்களைச் சென்னையில் அல்ல, அகமதாபாத்தில் ஆட நேர்ந்தது தனிச் சோகம். அந்தக் குழுவில் முதலிடம் பெறும் ஒரே அணிக்குத்தான் அடுத்த வாசல் திறக்கும். டாக்காவின் அபாஹானி அணி 13 புள்ளி பெற்றது, சென்னை 11. அபாஹானியை அகமதாபாத்தில் வென்ற சென்னை, டாக்காவில் 2-3 எனத் தோற்றிருந்தது. அந்த ஓர் ஆட்டத்தைச் சமன் செய்திருந்தால் சென்னைக்கு 12, அபாஹானிக்கு 11 ஆகியிருக்கும். ஒரு கோலில் குழுவின் தலையே மாறியிருக்கும்.

மும்பைக்கு 2023இல் மறுபடி வாய்ப்பு வந்தது. இம்முறை ஊர் விட்டு ஊர் சென்று ஆடும் பழைய முறை. ஆனால் மும்பையின் 'சொந்த ஊர்' ஆட்டங்கள் அந்தேரியில் நடக்கவில்லை, புனே பாலேவாடியில் நடந்தன. குழுவில் சவூதியின் அல் ஹிலால் இருந்ததால் நெய்மாரைக் கண்ணால் காணலாம் என்று நம் பிள்ளைகள் துள்ளினார்கள். அவரோ அக்டோபரிலேயே பிரேசிலுக்காக ஆடி முழங்காலில் அடிபட்டுப் படுத்துவிட்டார். மும்பை ஆறு ஆட்டத்திலும் தோற்றது. ரியாத்தில் கிடைத்த ஏழு புள்ளிகளின் அருமை அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

குழுச் சுற்றில் ஒரு கணக்கு மட்டும் எந்த ஆட்டக்காரர் கையிலும் இல்லை. 2024இல் கொல்கத்தாவின் மோகன் பகான், ஆசிய சாம்பியன்ஸ் லீக் இரண்டாம் நிலைப் போட்டியில் தஜிகிஸ்தானின் ரவ்ஷான் அணியுடன் 0-0 எனச் சமன் செய்து ஒரு புள்ளி பெற்றது. அடுத்த ஆட்டம் ஈரானின் தப்ரீஸ் நகரில், டிராக்டர் அணியுடன். அந்த வாரம் ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே ஏவுகணைத் தாக்குதல். பாதுகாப்புக் கருதி வீரர்கள் பயணம் செய்யவில்லை. மோகன் பகான் போட்டியிலிருந்து விலகியதாகவே ஆசியக் கூட்டமைப்பு எடுத்துக்கொண்டது. விலகிய அணியின் ஆட்டங்கள் பட்டியலிலிருந்து அழிக்கப்படும் என்பது விதி. அதனால் கொல்கத்தாவில் ஒழுங்காக ஆடி ஒரு புள்ளி எடுத்துச் சென்ற ரவ்ஷானும் அந்தப் புள்ளியை இழந்தது. மிஞ்சிய மூன்று அணிகளும் தலைக்கு நான்கு ஆட்டம் ஆடிக் குழுவை முடித்தன.