பாலைப் புளிக்கவைப்பது யார்?

பாக்கெட் பாலைப் பதப்படுத்த வழக்கமாகக் கையாளும் முறை, 72 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 விநாடி வைத்து உடனே குளிர்விப்பது. லூயி பாஸ்டர் பெயரைத் தாங்கிய இந்த முறை, உணவைக் கெடுப்பவை உயிர்கள் என்ற முடிவை நம்பி நிற்கிறது. அந்த முடிவுக்கு வர விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள்.

சாராயம் உண்டாக்கும் ஈஸ்ட் உயிருள்ளது என்று ஜெர்மனியின் தியோடோர் ஷ்வானும் பிரான்சின் கன்யார் த லா தூரும் 1837இல் தனித்தனியே சொன்னார்கள். வேதியியலின் பெருந்தலைகள் சினந்தன. 1839இல் ஜெர்மன் வேதியியல் இதழொன்றில் பெயரில்லாமல் ஒரு கேலிக் கட்டுரை வந்தது: வடிகலன் போன்ற குட்டி விலங்குகள் சர்க்கரையைத் தின்று சாராயத்தைக் கழிக்கின்றனவாம்! அழுகும் புரதத்தின் அதிர்வே பக்கத்துச் சர்க்கரையையும் சிதைக்கிறது என்றார் அந்தப் பெருந்தலைகளில் ஒருவரான யுஸ்டஸ் லீபிக். அவரை எளிதில் மறுக்க முடியவில்லை. புளிக்கும் எந்தக் கலத்திலும் அழுகக்கூடிய பொருளும் கூடவே இருந்தது.

பாஸ்டர் அந்த முடிச்சை அவிழ்த்த விதம் இந்தக் கதையிலேயே அழகானது. 1857இல் லீல் நகரில், லாக்டிக் அமிலம் உண்டான கலத்தில் படிந்த சாம்பல் நிறப் பொருளில் துளி எடுத்துப் புதுக் கரைசலில் இட்டார். அதுவும் புளித்தது, படிவும் பெருகியது. நம் வீடுகளில் பாலுக்கு உறை ஊற்றும்போது நடப்பதும் இதுவே. பிறகு சர்க்கரை, அம்மோனிய உப்பு, ஈஸ்ட்டை எரித்த சாம்பல் ஆகியவை மட்டும் கலந்த நீரில் துளி ஈஸ்ட்டை விட்டார். அழுகுவதற்கு அதில் வேறு புரதமே கிடையாது. ஆனாலும் ஈஸ்ட் வளர்ந்தது, சர்க்கரை சாராயமானது.

லீபிக் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. 1897இல் எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துச் சாறு பிழிந்தார். உயிருள்ள செல் இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையைப் புளிக்கவைத்தது. வேலையைச் செய்தது செல்லுக்குள் உருவான நொதி என்னும் வேதிப்பொருள். 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உயிர், நொதி என்ற இரண்டு விளக்கங்களும் பாலுக்குப் பொருந்தும். 72 டிகிரியில் காசநோய்க் கிருமி போன்றவை சாகும். சூடு தாங்கும் சில பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்ளும். குளிர் அவற்றைக் கொல்வதில்லை, அவற்றின் நொதிகளை மந்தப்படுத்துகிறது. பாக்கெட்டைக் கத்திரி வெயிலில் வெளியே விட்டால் நொதிகள் சுறுசுறுப்பாகி, பாலின் சர்க்கரை அமிலமாக மாறத் தொடங்கும். அமிலம் கொஞ்சம் ஏறினாலே பால் புரதம் சூட்டைத் தாங்காது. பார்க்க நன்றாக இருந்த பால் அடுப்பில் வைத்ததும் திரிவது அதனால்தான்.