ஊசியும் ஆட்சியும்

அரசியலுக்கு வருகிறவர்கள் வக்கீல்களாகவோ, மிராசுதாரர்களாகவோ, பட்டாளத்தில் பெயர் எடுத்தவர்களாகவோ இருப்பதுதான் உலக வழக்கம் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம்; ஆனால் சென்ற இரண்டு நூற்றாண்டுகளின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, ஊசி நூலோடும் கஜக்கோலோடும் ஜீவனத்தைத் தொடங்கி, பிறகு மந்திரி பதவியிலும் ஜனாதிபதி ஸ்தானத்திலும் போய் அமர்ந்தவர்கள் இத்தனை பேரா என்று வியப்பாகவே இருக்கும். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தையல் வேலையில் கையும் கண்ணும் துணியில் கட்டுண்டு கிடக்க, காது மட்டும் வேலையற்று இருக்கிறது. கொல்லன் பட்டறையில் சம்மட்டிதான் பேசும். தையற்கடையிலோ மனிதர்கள் பேசுவார்கள். அளவு கொடுக்க வந்தவர், தைத்ததை வாங்க வந்தவர், ஒன்றுக்கும் வராமல் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று பலரும் கூடும் அந்த இடத்தில், காஜா எடுத்துக்கொண்டிருக்கும் பையன் ஊர் நியாயம் முழுவதையும் சம்பளமில்லாமலே பாடம் கேட்டுவிடுகிறான்.

அப்படிக் கேட்ட பையன்களில் ஒருவன், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 17-வது ஜனாதிபதியாக உயர்ந்த ஆண்ட்ரூ ஜான்ஸன். 1808-ஆம் ஆண்டு டிசம்பரில் வட கரோலினாவிலுள்ள ராலே நகரில் பிறந்தவர். மூன்று வயதில் தகப்பனார் இறந்துபோக, துணி வெளுத்தும் தைத்தும் குடும்பத்தைத் தாங்கிய தாயார், மூத்த மகனையும் இவரையும் ஜேம்ஸ் ஸெல்பி என்ற தையற்காரரிடம் தொழில் பழக விட்டாள். தொழில் பழகுவது என்றால் நம் ஊரில் மாமன் கடையில் உட்கார வைப்பதுபோல அல்ல. 21 வயது ஆகும் வரை எஜமானரை விட்டுப் போகக் கூடாது என்று சட்டப்படி எழுதிய பத்திரம் அது. பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதித்தறியாத அந்தச் சிறுவனுக்கு ஸெல்பியின் கடையே கல்விச்சாலையாயிற்று. தைத்துக்கொண்டிருக்கும் பையன்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவதை ஒரு தருமமாகக் கொண்டு ஊர்ப் பெரியவர்கள் சிலர் அங்கே வருவதுண்டு. அவர்கள் வாசித்தவற்றுள் புகழ்பெற்ற பிரசங்கங்களின் தொகுதி ஒன்றும் இருந்தது. பாராளுமன்றப் பேச்சாளர்களின் வாக்கு வன்மை, கால்களை மடித்துப் போட்டுக்கொண்டு மேஜைமேல் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த ஓர் ஏழைப் பையனின் செவியில் ஏறியது இவ்விதந்தான்.

1824-ஆம் ஆண்டு, ஏதோ ஒரு வீட்டின்மேல் கல்லெறிந்த வம்பில் சிக்கிய ஜான்ஸன், தண்டனைக்கு அஞ்சித் தமையனுடன் ராவோடு ராவாக ஊரை விட்டே ஓடிப்போனார். ஸெல்பி சும்மா இருக்கவில்லை. இருவரையும் பிடித்துக் கொடுப்பவர்களுக்கு 10 டாலர் இனாம், ஆண்ட்ரூவை மட்டும் கொண்டு வந்தாலும் அதே 10 டாலர் தரப்படும் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். தமையனுக்குத் தனியாக விலை ஏதும் குறிக்காத அந்த விளம்பரத்தைப் பார்த்தால், பதினைந்து வயதிலேயே நம் ஆள் கை தேர்ந்த தையற்காரராகிவிட்டார் என்று ஊகிப்பதில் தவறிருக்காது. ஓடியவர் சிறிது காலத்துக்குப் பின் திரும்பி வந்து சமாதானம் பேசிப் பார்த்தார், ஸெல்பி இணங்கவில்லை. 1826-இல் தாயாரையும் மாற்றாந் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு மலை கடந்து டென்னஸி ராஜ்யத்துக்குப் போய், கிரீன்வில் என்ற சிற்றூரில் குடியேறினார். அடுத்த ஆண்டு மே மாதத்தில், 18 வயதான அவருக்கும் 16 வயதான எலைஸா மெக்கார்டிலுக்கும் விவாகம் நடந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவில் நின்றிருந்த கணவருக்கு எழுதவும் கணக்குப் போடவும் கற்றுக் கொடுத்தவள் அந்த இளம் பெண்தான்.

கிரீன்வில் கடை வெகு சீக்கிரத்தில் ஊரின் சர்ச்சை மண்டபமாகிவிட்டது. ஜான்ஸன் தைத்துக்கொண்டிருக்கையில் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுவதற்கென்றே கூலி கொடுத்து ஆள் வைத்திருந்தார் என்றுகூட அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். 1829-இல் நகரசபை அங்கத்தினர், 1834-இல் நகரத் தலைவர், அதற்கு அடுத்த ஆண்டில் ராஜ்ய சட்டசபை, 1843 முதல் பத்து ஆண்டுகள் அமெரிக்கக் காங்கிரஸ் சபை, 1853-இல் டென்னஸியின் கவர்னர் என்று படிப்படியாக ஏறியவரை எதிரிகள் தையற்காரன் என்று ஏளனம் செய்தபோதெல்லாம், ஆதாமே அத்தியிலைகளைத் தைத்து உடுத்திய தையற்காரன்தானே என்று மேடையிலேயே அவர் திருப்பிக் கொடுப்பதுண்டு. கவர்னராக இருந்த காலத்தில், முன்னாளில் கொல்லராக இருந்து நீதிபதியான நண்பர் ஒருவர் தம் கையால் அடித்த இரும்புக் கரண்டி ஒன்றை அனுப்ப, ஜான்ஸனும் தம் கையாலேயே வெட்டித் தைத்த ஓர் அங்கியைப் பதிலுக்கு அனுப்பினார். ஏழைக் குடியானவனுக்கு அரசாங்க நிலத்திலிருந்து 160 ஏக்கர் இனாமாகக் கொடுக்க வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்காக வாதாடிய மசோதா, 1862-இல் லிங்கன் காலத்தில் சட்டமாயிற்று. டென்னஸியில் பொதுப் பள்ளிக்கூடங்களுக்கென முதன்முதலாக வரி விதிக்கச் செய்தவரும் அவரே.

இவ்வளவும் சொல்லி நிறுத்திக்கொண்டால் கதை இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் ஸெல்பியின் விளம்பரம் வெளியான காலத்துப் பத்திரிகைகளில், ஓடிப்போன நீக்ரோ அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்கு இனாம் என்ற விளம்பரங்களும் ஓயாமல் வந்துகொண்டிருந்தன; தம்மையும் அதே விதமாகத் தேடினார்கள் என்ற நினைவு ஜான்ஸனின் உள்ளத்தில் என்ன செய்தது என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. கையில் நாலு காசு சேர்ந்ததும் அவரும் அடிமைகளை விலைக்கு வாங்கினார். 1865 ஏப்ரலில் லிங்கன் கொலையுண்டதால் ஜனாதிபதியானவர், விடுதலை பெற்ற அடிமைகளுக்குப் பிரஜா உரிமை வழங்கும் மசோதாவை அடுத்த ஆண்டே நிராகரித்தார். காங்கிரஸ் அவருடைய மறுப்பைத் தள்ளிவிட்டு அதைச் சட்டமாக்கிற்று. 1868-இல் யுத்த மந்திரியை நீக்கிய விவகாரத்தில் அவர்மீது குற்றச்சாட்டு எழுந்து, செனட் சபையில் ஒரே ஒரு வோட்டுக் குறைந்ததால் பதவி தப்பியது. தொழில் ஒருவனுடைய காதைத் திறந்துவிடலாம். நெஞ்சையும் சேர்த்துத் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்பதே, அவருடைய விருத்தாந்தத்தைப் படித்த பிறகு எனக்கு நிலைத்த அபிப்பிராயம்.

நம்மிடையே, விருதுநகரில் தாய்மாமன் ஜவுளிக்கடையில் சிறு வயதில் வேலைக்கு அமர்ந்த காமராஜர், கடைவீதிப் பேச்சிலும் பொதுக்கூட்டங்களிலும் மனத்தைப் பறிகொடுத்துவிட்டதைக் கண்டு உறவினர்கள் கவலைப்பட்டு, திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அவரை அனுப்பி வைத்தது பலரும் அறிந்த சங்கதி. ஜவுளியை விட்டு மரத்துக்கு மாற்றியதால் அரசியல் விட்டுப் போய்விடவில்லை.

துணியைத் தைப்பவரின் நிலை ஒரு மாதிரி என்றால், தைத்ததை வாங்கி விற்பவரின் நிலை வேறு மாதிரி. மிஸூரி ராஜ்யத்துக் கான்ஸாஸ் நகரில், 1919-ஆம் ஆண்டு நவம்பரில், பீரங்கிப் படைக் காப்டனாக யுத்தத்திலிருந்து திரும்பிய ஹாரி ட்ரூமன், பட்டாள முகாமில் தம்முடன் சேர்ந்து கான்டீன் நடத்திய எட்டி ஜேக்கப்ஸனைக் கூட்டாளியாகக் கொண்டு ஆண்களுக்கான உடைக்கடை ஒன்றைத் திறந்தார். சட்டை, டை, கையுறை, பெல்ட், தொப்பி இவைதாம் சரக்கு. முதல் வருஷம் வியாபாரம் அமோகமாக நடந்தது. பழைய படைத்தோழர்கள் வாங்குவதற்கும் வந்தார்கள், வம்பளப்பதற்கும் வந்தார்கள். யுத்தத்துக்குப் பிந்திய மந்தம் வந்து விலைவாசி சரிந்தபோது, அதிக விலைக்கு வாங்கி அடுக்கிய சரக்கு அலமாரியிலேயே பாதி விலைக்கும் கீழே இறங்கிவிட்டது. 1922-இல் கடையை மூட வேண்டியதாயிற்று. கூட்டாளி பின்னர் இன்ஸால்வென்ஸி மனுக் கொடுத்தார், ட்ரூமன் கொடுக்கவில்லை. தம் பங்குக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்க அவருக்குச் சுமார் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் செனட் சபையிலேயே அங்கத்தினராகிவிட்டார். கடை மூடிய அதே ஆண்டில், படைத்தோழர் ஒருவரின் குடும்பம் நடத்திவந்த அரசியல் யந்திரத்தின் தயவால், நம் அந்நாளைய ஜில்லா போர்டு மெம்பருக்கு ஒப்பான ஒரு கவுண்டிப் பதவிக்கு நின்று ஜெயித்ததுதான் தொடக்கம். ஜவுளி வியாபாரம் லாபம் தந்திருந்தால் அமெரிக்காவுக்கு ஒரு ஜனாதிபதி குறைந்திருப்பார். கூட்டு வியாபாரம் முறிந்தால் சிநேகமும் முறிவதுதான் நாம் காண்பது. இவர்கள் விஷயத்தில் அது நடக்கவில்லை. 1948 மார்ச்சில், யூதத் தலைவர் வைஸ்மனைச் சந்திக்க மறுத்துக்கொண்டிருந்த ஜனாதிபதியின் மனத்தை மாற்றியவர், வெள்ளை மாளிகைக்கு நேரில் வந்து வாதாடிய அந்தப் பழைய கூட்டாளிதான்.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே தொழிற்கட்சி தலையெடுத்தபோது, ஆலையிலிருந்தும் கடையிலிருந்தும் நேராகவே மந்திரி சபைக்கு ஆட்கள் வந்தார்கள். ஜே. ஆர். கிளைன்ஸ் 1869-இல் ஓல்டாம் நகரில் பிறந்து, பத்து வயதில் நூற்பாலையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர். எண்ணெய் வழுக்கும் தரையில் வெறுங்காலோடு ஓடி, சுழன்றுகொண்டிருக்கும் கதிர்களுக்கிடையே அறுந்த இழைகளைப் பிடித்து முடிவதுதான் அவருக்கு வேலை. தையற்கடையைப் போல அங்கே காது சும்மா இருக்க முடியாது. யந்திர இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆகையால் அவருடைய கல்வி ஆலைக்கு வெளியேதான் நடந்தது: பார்வையிழந்த முதியவர்கள் சிலருக்குச் சில்லறைக் காசுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டியவர், அவர்களுக்காக வாசிக்க வாசிக்கத் தாமும் அரசியல் கற்றுக்கொண்டார்.

மார்கரெட் பாண்ட்பீல்டு அம்மையார் லேஸ் பின்னும் தொழிலாளி ஒருவரின் மகள்; 14 வயதில் கடற்கரை ஊரான ஹோவில் துணிக்கடை ஒன்றில் வேலை பழகச் சேர்ந்தார். முதல் எஜமானி அன்பானவளாக இருந்தாள்; பிறகு வாய்த்த கடைகள் அப்படியல்ல. கடைச் சிப்பந்திகள் எஜமானர் கொடுத்த மாடி அறைகளிலேயே நெருக்கியடித்துப் படுத்து, அவர் போட்டதை உண்டு, வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் நின்றபடியே சிரித்த முகத்தோடு துணியை விரித்துக் காட்ட வேண்டும். மற்றப் பெண்கள் உறங்கிய பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், புனைபெயரில், சங்கப் பத்திரிகைக்கு இவற்றையெல்லாம் எழுதி அனுப்பி வந்தார் அம்மையார். பிற்பாடு, ஒரு பெண்கள் சபைக்காகக் கடை கடையாக வேலைக்குச் சேர்ந்து அங்கே நடப்பதை வேவு பார்த்து அறிக்கை தந்ததும் உண்டு. 1929-இல் தொழிலாளர் மந்திரியாகி, பிரிட்டிஷ் மந்திரி சபையில் அமர்ந்த முதற் பெண்மணி என்ற பெயர் பெற்றார். அதே மந்திரி சபையில் கிளைன்ஸ் உள்நாட்டு மந்திரி.

இருவரையும் ஒரே தராசில் நிறுத்திய நாள் 1931 ஆகஸ்டில் வந்தது. கஜானா காலியாகி, பவுன் நாணயத்தின் மதிப்பு ஆட்டங்கண்ட சமயத்தில், வேலையற்றவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் நூற்றுக்குப் பத்து வீதம் வெட்ட வேண்டும் என்ற பிரேரணை மந்திரி சபையின் முன் வந்தபோது, அதை எதிர்த்த ஒன்பது பேரில் கிளைன்ஸ் ஒருவர்; வெட்டலாம் என்ற பக்கத்தில் இருந்தார் அம்மையார். கடைச் சிப்பந்தியாக நின்று கால் கடுத்தவர் அப்படிச் சொன்னாரே என்று அங்கலாய்த்தவர்கள் அந்நாளில் ஏராளம். வரவு செலவுக் கணக்கைப் பொறுப்போடு பார்த்தவர் அவர்தாம் என்பவர்களும் உண்டு; எனக்கு என்னவோ கிளைன்ஸ் பக்கமே மனம் சாய்கிறது. மந்திரி சபை கவிழ்ந்தது. அக்டோபரில் நடந்த தேர்தலில் வாக்காளர்கள் அந்த வித்தியாசத்தையெல்லாம் பார்க்கவில்லை. இருவருமே தங்கள் தொகுதிகளில் தோற்றார்கள். கிளைன்ஸ் 1935-இல் மீண்டும் பார்லிமென்டுக்கு வந்தார். அம்மையார் பிறகு வரவே இல்லை.