ஆங்கிலப் பாடம்: எல்லையோரத் தமிழ்க் குழந்தைக்கு எதிர்ப்பக்கமும் புது மொழி

புது தில்லி: ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில், தமிழக எல்லையை ஒட்டிய பள்ளியொன்றில் ஆங்கில வகுப்பு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். "அர்த்தமாயிந்தா?" என்று ஆசிரியர் தெலுங்கில் கேட்டால், புரிந்தது என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும். வீட்டில் தமிழ் பேசும் குழந்தையும் அதில் சேர்ந்துகொள்ளும். அந்தப் பதிலைக் கொண்டு ஆசிரியர் எதையும் அறிய முடியாது.

படாஸ்கர் பரிந்துரையின் பேரில் நாடாளுமன்றம் இயற்றிய 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்கள் சில ஆந்திரத்துக்குச் சென்றன. நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசுவோர் இன்றும் கணிசமாக உள்ளனர்.

அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை ஆங்கில வழியைக் கட்டாயமாக்கி 2019 நவம்பரில் மாநில அரசு ஆணை பிறப்பித்தது. 2020 ஏப்ரல் 15-இல் உயர் நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. அத்தீர்ப்புக்குத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் மறுத்துவிட்டது. வழக்கு ஆங்கிலமா, தெலுங்கா என்றே பேசப்பட்டது. 2020-21 கல்வியாண்டில் வந்த இருமொழிப் பாடநூல்களிலும் ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தெலுங்கு. தெலுங்குக் குழந்தைக்கு நல்ல ஊன்றுகோல்தான். தமிழ்க் குழந்தைக்கோ இரண்டு பக்கமும் கற்றறிய வேண்டிய மொழி.

இடர்ப்பாடு ஒலியிலேயே தொடங்குகிறது. குண்டூசிக்கும் குப்பைத் தொட்டிக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் "பின்" தான். தெலுங்கில் அவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஆகவே தமிழ்க் குழந்தையின் தடுமாற்றம் தெலுங்கு ஆசிரியருக்குக் கவனக்குறைவாகத் தோன்றக்கூடும்.

புரியவில்லை என்று கண்டதும் அதே கருத்தை வேறு சொற்களில், இன்னும் உரக்கச் சொல்வது ஆசிரியர்களின் வழக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் குழந்தையின் காதில் விழுவது புரியாத இரண்டாவது வாக்கியம். அதே சொற்களை நிதானமாகத் திரும்பச் சொல்லி, பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, பதிலுக்குச் சில விநாடிகள் காத்திருப்பது கூடுதல் பயன் தரும். "புரிந்ததா?" என்பதற்குப் பதில் "சிவப்புப் பென்சிலை எடு" என்று ஆங்கிலத்தில் சொன்னால், புரிந்ததா என்பதைக் குழந்தையின் கையே காட்டிவிடும். தமிழில் பதில் வந்தால் அதட்டாமல் ஏற்று, அதையே சிறு ஆங்கில வாக்கியமாகத் திருப்பிச் சொல்லலாம். இதற்கு ஆசிரியருக்கு ஓரளவேனும் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் நியமனத்தின்போது எல்லையோரப் பள்ளிகளுக்கு இதைத் தனித் தகுதியாகக் கருதுவதில் தவறில்லை.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. "இயன்றவரை" என்ற சொல் மாநிலங்களுக்கு வசதியானது. 350-ஏ பிரிவின்கீழ் மாநிலங்களுக்குக் கட்டளையிடும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு, அதாவது நடைமுறையில் மத்திய அரசுக்கு, உண்டு.